பாம்புக்கு ஊற்றிய பதினொரு வாளி

மணல்மேட்டின் அடிவாரத்தில் ஏழு கழுதைகள் தலையைக் குனிந்து நின்றன.

வியாழக்கிழமை காலை. ஏழு மணி கடந்து ஐந்து நிமிடம். எங்கள் தீவில் கழுதை ஒன்று நின்றால் அது வெறும் கழுதை. மூன்று நின்றால் அங்கே நிழல் இருக்கிறது. ஏழு நின்றால் எங்கள் குடிநீர்க் குழாய் வெடித்திருக்கிறது. விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அதற்கு முந்தைய எட்டு வெடிப்புகளையும் கழுதைகள்தான் முதலில் கண்டுபிடித்தன. குடிநீர்ச் சங்கத்தின் செயலாளராகிய நான் எட்டு முறையும் இரண்டாவது ஆள்.

கிட்டப் போனேன். மணல் கஞ்சிப் பானை போலக் கொதித்துக்கொண்டிருந்தது. நடுவில் தண்ணீர் முழங்கால் உயரத்துக்கு எழும்பி எழும்பி விழுந்தது. பங்குனி வெயிலில் சுற்றிலும் எல்லாம் வெள்ளையாகக் கண்ணைக் குத்த, அந்த ஒரு வட்டம் மட்டும் கறுத்து, குளிர்ந்து, மழை விட்ட முற்றத்தின் மணத்தோடு கிடந்தது.

பம்ப் அறையிலிருந்து காலடிகளை எண்ணிக்கொண்டு வந்திருந்தேன். நானூற்றுப் பன்னிரண்டு எட்டு. போன முறை நானூற்று மூன்று. அதற்கு முந்தைய முறை நானூற்று இருபது. ஒன்பது வெடிப்பும் அறுபது எட்டுக்குள் அடக்கம்.

யூட் சைக்கிளில் வந்து இறங்கினான். எங்கள் சங்கத்தின் குழாய்க்காரன். வாள், பசை டின், பழந்துணி எல்லாம் ஒரு சாக்குப் பையில். முன்னால் நின்ற கழுதையைத் தோளால் தள்ளி இடம் பிடித்துக்கொண்டு, என்னைப் பார்க்காமலே கேட்டான்.

"ஒன்பதோ ஐயா?"

"ஒன்பது."

"பத்துக்கு நான் நிக்கமாட்டன் போல."

என் சட்டைப் பையில் நாலாக மடித்த கடிதம் ஒன்று இருந்தது. அதில் என்ன இருக்கிறது என்பது அவனுக்குத் தெரியும் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

எண்ணுகிறவன்

இந்தத் தொடரைப் புதிதாகப் படிப்பவர்களுக்காக ஒரு வார்த்தை. நான் கச்சேரி என்கிற மாவட்டச் செயலகத்தில் புள்ளிவிவரக் கிளாக்கராக முப்பத்திரண்டு வருடம் இருந்தவன். வள்ளம், வலை, பனை, ஆடு, கிணறு என்று எதைக் கண்டாலும் எண்ணி எழுதுவது என் தொழில். ஓய்வு பெற்ற பிறகு தொழில் போய்விட்டது. எண்ணுவது போகவில்லை. என்னிடம் பதினான்கு நோட்டுக் கொப்பிகள் இருக்கின்றன. மழைக்கு ஒன்று, மின்வெட்டுக்கு ஒன்று, குழாய் வெடிப்புக்கு ஒன்று, கோவில் வேலைகளுக்கு ஒன்று, மருந்துக்கு ஒன்று. மற்றவற்றைச் சொன்னால் சிரிப்பீர்கள்.

எங்கள் ஊரில் கடற்கரைப் பக்கத்துக் கிணறுகள் எல்லாம் உப்பு. தேநீர் போட்டால் கண்ணீர் மாதிரி இருக்கும். தீவின் நடுவே, பனங்கூடலுக்குள், மணலுக்கடியில் நல்ல தண்ணீர் உண்டு. அங்கே கிணறு வெட்டி, பம்ப் அறை கட்டி, இடையிலுள்ள மணல்மேட்டின் மேலாகக் குழாய் ஏற்றி, மறுபக்கம் கரையோர வீடுகள் நூற்றிருபத்தாறுக்கும் இறக்கினார்கள். நாற்பது வருடம் இருக்கும் என்று சொல்லித் தந்த குழாய். இரண்டு வருடம் முடிவதற்குள் ஒன்பது முறை வெடித்துவிட்டது.

திட்டத்தைச் சங்கத்திடம் ஒப்படைத்த அன்று குழாய்ப் படங்களையும் தந்தார்கள். "படம், ஆறு தாள்" என்று எழுதிக் கையொப்பமிட்டு வாங்கி அலுமாரியில் வைத்தேன். விரித்துப் பார்க்கவில்லை. இந்த வாக்கியத்தை எழுதும்போது இப்போதும் எனக்குக் காது சூடாகிறது.

ஒன்பது காரணம்

ஒவ்வொரு வெடிப்புக்கும் ஊரில் ஒரு காரணம் பிறந்தது.

குழாய்கள் மண்ணுக்குள் தாழ்க்கப்படுவதற்கு முன் எட்டு மாதம் பள்ளிக்கூட மதிலோரம் வெயிலில் கிடந்து நீலம் போய்ச் சுண்ணாம்பு பூத்திருந்தன என்றார்கள். அது உண்மை, நானே விரலால் தடவிப் பார்த்தேன். மீனுக்கு ஐஸ் ஏற்றும் லொறி மேலே ஏறுகிறது என்றார்கள். பனை வேர் நெரிக்கிறது என்றார்கள். குழாய்க்கு வெட்டிய கானில் மணல் போடாமல் கூரிய முருகைக்கல் போட்டு மூடிவிட்டார்கள் என்றார்கள். கழுதை புரளுவதால் வெடிக்கிறது என்று ஒருவர் சத்தியம் செய்தார். வெடித்த பிறகுதான் கழுதை வருகிறது என்று நான் கொப்பியைக் காட்டியும் அவர் கேட்கவில்லை.

கடைசியில் எல்லாக் காரணங்களும் ஒரு மனிதன் மேல் வந்து நின்றன.

யூட் எங்கள் ஊரவன் அல்லன். வங்காலையிலிருந்து இங்கே கல்யாணம் செய்து வந்தவன். வளைகுடா நாடான கட்டாரில் ஏழு வருடம் குழாய் வேலை செய்தவன். இரண்டு பெண் பிள்ளைகள். போன முறை அவன் வீட்டுக்கு வந்தபோது சின்னவள் அவனைக் கண்டு பயந்து தாயின் பின்னால் ஒளித்தாள். அதோடு இனிப் போவதில்லை என்று முடிவெடுத்து எங்கள் சங்கத்தில் சேர்ந்தான். இந்த வேலை போனால் மறுபடியும் விமானம்தான்.

ஞாயிறு பூசை முடியச் சங்கக் கூட்டம். அவனை நிறுத்துவதா வைத்திருப்பதா என்பது ஒன்றுதான் அன்றைய விடயம். அதற்கான கடிதத்தைச் செயலாளர் என்ற முறையில் நான் எழுதியிருந்தேன். ஒன்பது குறிப்புகள். மூன்றாவது: குழாய் முனையின் ஈரத்தைத் துடைக்காமல் ஒட்டுகிறார். ஐந்தாவது: பசை டின்னைத் திறந்து வைக்கிறார். ஏழாவது: மணல்மேட்டின் உச்சியில் தேவையில்லாமல் குழி குழியாக ஆறு கிடங்கு கிண்டிப் போட்டிருக்கிறார். ஒன்பதாவது, அவர் வெளியூர். இதை வேறு சொற்களில், மரியாதையாக எழுதியிருந்தேன்.

நூற்று நாற்பது ஆடுகள்

இங்கே ஒரு பழைய கதை.

உத்தியோகத்தின் ஆரம்ப காலத்தில் கால்நடைக் கணக்கெடுக்கப் பெருநிலத்துக்கு அனுப்பினார்கள். இலுப்பைக்கடவை வரை பஸ், அங்கிருந்து பெரியமடுப் பக்கம் இரவல் சைக்கிள். காட்டோரக் குடியிருப்பு ஒன்றில் மூன்று சகோதரர்கள். மூத்தவரின் பட்டியில் எண்ணினேன், நூற்று நாற்பது ஆடு. மோர் தந்தார்கள். இரண்டாமவரின் பட்டியிலும் நூற்று நாற்பது. தேநீர் தந்தார்கள். மூன்றாமவரிடம் நூற்று முப்பத்தொன்பது. சாப்பாடே தந்தார்கள். கச்சேரிக் கந்தோருக்கு வந்து கூட்டிப் போட்டுப் பாராட்டும் வாங்கினேன்.

அடுத்த வருடம்தான் தெரிந்தது. நான் மோர் குடிக்கும்போதும் தேநீர் குடிக்கும்போதும் அதே ஆடுகள் குறுக்குப் பாதையால் அடுத்த பட்டிக்குப் போயிருக்கின்றன. குறைந்த அந்த ஒன்று எனக்கு மத்தியானக் கறியாக வந்திருக்கிறது.

எண்ணிக்கை மூன்று முறையும் சரி. நான் எண்ணியதில் பிழையே இல்லை. ஆடுகளின் முகத்தை மட்டும் நான் பார்க்கவில்லை.

விசிறி நின்ற மத்தியானம்

வெள்ளிக்கிழமை பதினொன்று பத்துக்கு மின்சாரம் போனது. விசிறி நின்றது. மேசையில் கிடந்த இரண்டு கொப்பிகளை மனைவி றீத்தம்மா எடுத்து, ஒன்றால் தனக்கு விசுக்கிக்கொண்டு மற்றதை என்னிடம் தந்தாள்.

"இஞ்சருங்கோ, உங்கட கணக்கு இண்டைக்குத்தான் ஒரு காத்துத் தந்திருக்கு."

எனக்குக் கோபம். அவள் கையிலிருந்தது மின்வெட்டுக் கொப்பி. பிடுங்கினேன். பிடுங்கிய வேகத்தில் கடைசிப் பக்கம் விரிந்தது. "வியாழன். இரவு மூன்றரை மணி நேரம் இல்லை. காலை 6.40 வந்தது." என் கையிலிருந்தது வெடிப்புக் கொப்பி. அதன் கடைசி வரி: "வியாழன், 7.05, கழுதை 7."

இருபத்தைந்து நிமிடம்.

அதற்கு முந்தையதைப் பார்த்தேன். மின்சாரம் வந்தது பின்னேரம் 4.15. வெடிப்பு 4.35. அதற்கு முந்தையது, முப்பது நிமிடம். பக்கங்களை வேகவேகமாகப் புரட்டத் தொடங்கினேன். றீத்தம்மா தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, மாத்திரை போட்டீங்களோ என்று கேட்டாள். ஒன்பதுக்கு ஒன்பது. ஒரு வெடிப்புக்கூட மற்ற நேரத்தில் இல்லை. மின்சாரம் பத்து நிமிடம், அரை மணி நேரம் போய் வந்த நாட்கள் எத்தனையோ, ஒன்றிலும் வெடிக்கவில்லை. இரண்டு மணி நேரத்துக்கு மேல் போனால்தான்.

இரண்டு கொப்பியும் ஒன்றரை வருடமாக ஒரே மேசையில், ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. ஒன்றை மற்றதுக்குப் பக்கத்தில் வைத்துப் படிக்க அந்தப் பதினொன்று பத்து வரவேண்டியிருந்தது.

எழும்பி ஓடினேன். என் வயதில் ஓடினேன் என்று எழுதுவது மிகையல்ல, எங்கள் ஒழுங்கைத் தெருவில் மூன்று பேர் கண்டார்கள். செருப்பு இல்லை. சட்டையில் இரண்டு பொத்தான்தான் பூட்டியிருந்தேன். மணல் உள்ளங்காலைப் பொசுக்கியது. யூட் வீட்டு வாசல் படலைக்கு இருநூற்றெண்பது எட்டு. அன்று எண்ணவில்லை. பழைய கணக்குத்தான்.

அவன் விறாந்தையில் கதிரையில் இருந்து கடவுச்சீட்டைப் புரட்டிக்கொண்டிருந்தான். நான் இரண்டு கொப்பிகளையும் அவன் மடியில் விரித்தேன். மூச்சு வாங்கியதால் பேச முடியவில்லை. விரலால் காட்டினேன்.

அவன் முதல் மூன்று வரியோடு நிமிர்ந்தான். பிறகு கடைசிவரை பார்த்தான்.

"ஐயா, வெயில்ல கிடந்த பைப் எண்டா எங்கயும் வெடிக்கும். என்ர ஒட்டுப் பிழையெண்டா எப்பவும் ஒழுகும். இது ஒரே இடம், ஒரே நேரம்."

"அப்ப என்ன?"

"காத்து."

மின்சாரம் நெடுநேரம் போனால் மேட்டைக் கடந்த தண்ணீர் முழுவதும் வீடுகளுக்கு இறங்கிவிடுகிறது, குழாய் வெறுமையாகிறது என்று விளக்கினான். மின்சாரம் வந்து பம்ப் ஓடும்போது மேலேறும் தண்ணீர், உள்ளே நிற்கும் காற்றை முன்னால் தள்ளுகிறது. மேட்டின் உச்சியில் அந்தக் காற்று வெளியேற வழி வேண்டும். வழி இல்லையென்றால் அது சுருங்கி, திருப்பி உதைக்கும். உதையை வாங்குவது அடிவாரத்துக் குழாய்.

"சைக்கிள் பம்பின்ர வாயை விரலால பொத்திக்கொண்டு அடிச்சுப் பாருங்கோ. விரலை எடுக்காட்டி வேற எங்கயோ பிய்க்கும்."

"அந்த வழியை ஏன் வைக்கேல்லை?"

"வைச்சிருக்கினம். அலுமாரிக்குள்ள நீங்கள் வைச்சிருந்த படத்தில இருக்கு, நான் எடுத்துப் பாத்தன். உச்சியில ஒரு காத்து வால்வு. அதுக்கு ஒரு கிடங்கு. நாலடிச் சதுரக் கொங்கிறீட் மூடி. மூடியில ரெண்டு இரும்பு வளையம். பக்கத்தில கைத்தடிப் பிடி மாதிரி வளைஞ்ச ஒரு குழாய், காத்துப் போக." கொப்பிகளை மூடி என்னிடம் தந்தான். "ஆறு இடத்தில கிண்டிப் பாத்திட்டன். காணேல்லை."

நாலடிச் சதுரம். இரண்டு வளையம்.

அந்த வெயிலில் எனக்குக் குளிர்ந்தது. வாறன் என்று மட்டும் சொல்லிவிட்டு, வந்த வழியே மெல்ல நடந்தேன்.

மூன்றாவது கொப்பி

குழாய் போட்டவர்கள் சாமான் சட்டி ஏற்றிக்கொண்டு போன சில வாரங்களில் எங்கள் ஊரில் புனித அந்தோனியாருக்கு, சிலை வைக்கும் சின்னக் கூடாக, ஒரு கெபி கட்ட யோசித்தோம். மீன்பிடித் தொழிலுக்குப் போகிறவர்களுக்குக் கடலிலிருந்து தெரிய வேண்டும். அப்படியென்றால் மணல்மேட்டின் உச்சிதான். மூப்பரும் நானும் இடம் பார்க்க ஏறினோம். மூப்பர் சந்தியாப்பிள்ளை கோவில் காரியங்களுக்குப் பொறுப்பானவர், றீத்தம்மாவின் தமையன், எனக்கு மச்சான்.

உச்சியில் ஒரு கொங்கிறீட் பலகை மணலோடு மணலாகக் கிடந்தது. குழாய்க்காரர் மிச்சக் கலவையைக் கொட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள் என்று நான்தான் சொன்னேன். அளந்தேன். நாலடிக்கு நாலடி. அத்திவாரம் போட வேண்டிய தேவையே இல்லை, ஆயத்தமாகக் கிடக்கிறது என்று சொன்னதும் நான்தான். எல்லோரும் என்னை மெச்சினார்கள். துருத்திய இரண்டு வளையங்களை அறுத்தோம். பக்கத்தில் நின்ற வளைந்த குழாயையும் மணல் மட்டத்துக்கு அறுத்தோம். மேலே கெபி எழும்பியது, நீல ஓடு, அந்தோனியாரின் சிலையான சுருவம், இரண்டு பூச்சாடி.

முதல் செபமாலை. பெண்கள் சுற்றி முழங்காலில் நின்றார்கள். அருள் நிறைந்த மரியே பாதியில் இருக்கும்போது அந்தோனியாரின் பாதத்துக்கடியிலிருந்து "உஸ்ஸ்ஸ்" என்று ஒரு நீளமான சீறல். ஒருத்தி பாம்பு என்றாள். அவ்வளவுதான். நாற்பத்துநாலு பெண்கள் மேட்டிலிருந்து இறங்கியதை நான் எண்ணினேன், செருப்பு மட்டும் இருபத்தேழு சோடி மேலே கிடந்தது.

அடுத்த நாள் காலை மூப்பரும் நானும் சீமெந்தைத் தண்ணீராகக் கரைத்துக்கொண்டு போய் அறுத்த குழாயின் வாய்க்குள் ஊற்றினோம். ஒரு வாளி போனது. மூன்று போனது. பெரிய பாம்பு போல என்றார் மூப்பர். எட்டு. பதினொன்றாவது வாளியில் வாய் நிறைந்து வழிந்தது. அதன் பிறகு சீறல் இல்லை. ஊர் மகிழ்ந்தது.

வெள்ளிக்கிழமை பின்னேரம் வீட்டுக்கு வந்து கோவில் வேலைக் கொப்பியைத் தேடி எடுத்தேன். என் கையெழுத்துத்தான். வடிவாக, அடிக்கோடு போட்டு எழுதியிருந்தேன்: "கெபியடி ஓட்டை. பாம்பு. கலவை 11 வாளி."

எந்தப் பாம்பின் பொந்து பதினொரு வாளி குடிக்கும்? எண்ணிய எனக்கு அதைக் கேட்கத் தோன்றவில்லை. முதலாவது வெடிப்பு அதற்குப் பத்தொன்பது நாள் கழித்து. இன்னொரு கொப்பியில்.

கிடங்குகளின் வட்டம்

இந்த விடயம் அந்த நேரத்தில் எனக்கும் அந்தக் கொப்பிக்கும் மட்டும்தான் தெரியும் என்று நினைத்தேன். உண்மையை எழுதுகிறேன்: கொப்பியை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டித் திறப்பை இடுப்பில் செருகினேன். ஞாயிறு கடிதத்தை வாசித்தால் போதும். வெளியூர்க்காரன் போவான். யாரும் என்னைப் பார்த்துச் சிரிக்கமாட்டார்கள்.

சனிக்கிழமை காலை கால்கள் தாமாக மேட்டில் ஏறின. மூப்பர் அங்கே பூச்சாடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். கெபியின் பின்பக்க நிழலில் நின்று சுற்றிப் பார்த்தேன். யூட் கிண்டி மூடிய ஆறு கிடங்கின் தடமும் மணலில் லேசாகப் பள்ளமாகத் தெரிந்தது. ஏழாவது குறிப்பு. எண்ணியிருந்தேனே தவிர, எங்கே இருக்கின்றன என்று ஒருநாளும் பார்க்கவில்லை.

ஆறும் கெபியைச் சுற்றி வட்டமாக இருந்தன. எல்லாம் கெபியிலிருந்து ஒரே தூரம்.

தேடுகிறவன் வட்டமாகக் கிண்டமாட்டான். இடம் தெரிந்தவன்தான், தொட முடியாத ஒன்றைச் சுற்றி வட்டமாகக் கிண்டுவான்.

மூப்பரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் வாளியை இறக்கி வைத்துவிட்டு அந்தோனியாரின் பாதத்தை நெடுநேரம் பார்த்தார்.

"மச்சான், கொப்பி எங்க?"

"அலுமாரிக்குள்ள."

"அங்கேயே கிடக்கட்டும். இன்னும் மூண்டு கிழமையில கோவில் பெருநாள். முடிய ஆறுதலாக் கதைப்பம்."

"பெருநாள் முடிய யூட் கட்டாரில நிப்பான்."

"சுருவத்தைத் தூக்கு எண்டு சனத்துக்கு ஆர் சொல்லுறது? நீயோ?"

"பதினொரு வாளியையும் எண்ணினது நான்தானே."

மூப்பர் கொஞ்சம் சிரித்தார். "ஊத்தினது நான்" என்றார். பிறகு வாளியில் மிச்சமிருந்த தண்ணீரைப் பூச்சாடிக்கு விட்டு முடித்தார்.

பத்தாவது

ஞாயிறு பூசை முடிந்து கோவில் மண்டபத்தில் கூடினோம். தொண்ணூற்றுமூன்று பேர். யூட் கடைசி வாங்குப் பலகையில், பெரியவளை ஒரு பக்கமும் மனைவியை மறுபக்கமும் வைத்துக்கொண்டு இருந்தான். சின்னவள் அவன் தோளில் நித்திரை.

எழும்பிக் கடிதத்தை விரித்தேன். ஒன்பது குறிப்பையும் வாசித்தேன். ஒவ்வொன்றுக்கும் பின்னால் அது ஏன் காரணமில்லை என்று கொப்பியைப் பார்த்துச் சொன்னேன். ஏழாவதை இரண்டு முறை வாசித்தேன். ஒன்பதாவதை, மரியாதைச் சொற்களை நீக்கி, நான் மனதில் நினைத்திருந்தபடியே வாசித்தேன்.

"பத்தாவது காரணம் கடிதத்தில இல்லை" என்றேன். "அது நான்."

வளையம், அறுத்த குழாய், பதினொரு வாளி எல்லாவற்றையும் சொன்னேன். மூப்பர் எழும்பி, ஊற்றியவர் தாமே என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

முன்வரிசையில் இருந்த செலஸ்தீனா ஆச்சிதான் முதலில் கேட்டார்.

"அப்ப பாம்பு?"

"பாம்பு இல்லை ஆச்சி. காத்து."

"ஒண்டரை வருசமா நான் அந்தப் பாம்புக்கெண்டு தனியா ஒரு செபம் சொல்லிக்கொண்டு வாறன், தம்பி. அதை ஆர் திருப்பித் தாறது?"

மண்டபம் சிரித்தது. ஆனால் சிரிப்பு முடிந்ததும் முணுமுணுப்புத் தொடங்கியது. மந்திரித்து வைத்த சுருவத்தைப் பெருநாள் நெருங்கும் நேரத்தில் அசைப்பதா? கடலில் நிற்கிறவர்களுக்கு ஏதும் வந்தால்? இரண்டு பேர் எழும்பியே விட்டார்கள். இவ்வளவும் சொல்லியும் காரியம் கெட்டுப்போகும் போலிருந்தது.

அதுவரை பேசாமல் இருந்த பங்குச் சுவாமி மெல்லச் சொன்னார்.

"சாமான் தொலைஞ்சா நாங்கள் ஆரிட்டக் கேக்கிறனாங்கள்? அந்தோனியாரிட்ட. ஊர் முழுக்க வெடிப்புக்குக் காரணத்தைத் தேடியிருக்கு. அவர் ஒண்டரை வருசமா அதுக்கு மேலயே நிண்டு காட்டிக்கொண்டிருக்கிறார். நாங்கள்தான் பாக்கேல்லை."

எழும்பிய இருவரும் திரும்ப உட்கார்ந்தார்கள்.

யூட்டை நிறுத்துவதா என்ற கேள்வியை யாரும் கேட்கவில்லை. ஏதாவது சொல்ல இருக்கிறதா என்று அவனிடம் கேட்டார்கள். பிள்ளையைத் தோள் மாற்றிக்கொண்டு எழும்பினான்.

"நாளைக்குக் காலமை தூக்கலாமோ சுவாமி?" அவ்வளவுதான் கேட்டான்.

சீறல்

திங்கட்கிழமை எட்டுப் பேர் சுருவத்தைத் தூக்கிக் கோவிலுக்குள் வைத்தார்கள். ஓடுகளைக் கழற்றி, கெபியைப் பிரித்து, மூடியைப் புரட்டினார்கள். கீழே சாம்பல் நிறத்தில் ஒரே கட்டி. யூட் உளி வைத்து உடைத்தான். உடைத்த துண்டுகளை வாளியில் அள்ளி வெளியே போட்டார்கள். பதினாலு வாளி வந்தது. நான் குழம்பிப் போனேன், ஊற்றியது பதினொன்றுதானே? இரண்டு முறை கேட்டேன். உடைந்தது கூட இடம் பிடிக்கும் ஐயா என்றான், நிமிராமல்.

மத்தியானத்துக்குக் கொஞ்சம் முன் வால்வு தெரிந்தது. சின்னப் பூசணிக்காய் அளவு இரும்பு, வாயெல்லாம் சீமெந்து. இனிப் புதியது வாங்க வேண்டுமே, எங்கே வாங்குவது, எத்தனை நாள் எடுக்கும் என்று நான் பதறத் தொடங்கினேன். யூட் சாக்குப் பைக்குள் கைவிட்டுப் பழந்துணியில் சுற்றிய ஒன்றை எடுத்தான். புது வால்வு. எண்ணெய் பூசியபடி.

"இது எப்ப வாங்கினது?"

"அஞ்சு மாசம்."

நான் அவனுக்குப் பக்கத்தில் மணலில் உட்கார்ந்தேன். "தெரிஞ்சிருந்தும் நீர் ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

அவன் வால்வு பூட்டும் திருகியைக் கீழே வைத்தான்.

"என்னைப் பற்றி ஒன்பது எழுதினனீங்கள் ஐயா. அந்தோனியாருக்குக் கீழ கிண்டவேணும் எண்டு வெளியூரான் நான் சொல்லியிருந்தா, பத்தாவதையும் எழுதியிருப்பியள்."

திருகியை எடுத்து அவன் கையில் கொடுத்தேன்.

புதன்கிழமை மின்சாரம் இரண்டேமுக்கால் மணி நேரம் போனது. பின்னேரம் ஐந்தரைக்கு வந்தது. சுருவம் அதற்குள், பழைய இடத்திலிருந்து எட்டுக் காலடி தள்ளி, உண்மையான அத்திவாரத்தில் நின்றது. பெண்கள் செபமாலை தொடங்கியிருந்தார்கள். நான் அடிவாரத்தில், நானூற்றுப் பன்னிரண்டாவது எட்டில், கழுதைகளோடு நின்றேன். கையில் கடிகாரம்.

ஐந்து நிமிடம். பத்து. பதினைந்து. கழுதைகள் காதை நிமிர்த்தின.

மேலே தொடங்கியது. "உஸ்ஸ்ஸ்ஸ்." முன்னைவிடப் பெரிதாக, நீளமாக, மேடு முழுவதும் மூச்சு விடுவது போல. செபம் ஒரு கணம் நின்றது. யாரும் பாம்பு என்று சொல்லவில்லை. செலஸ்தீனா ஆச்சியின் குரல் மட்டும் கேட்டது.

"தண்ணி வருது. வாளியை வையுங்கோடி."

செபமாலையின் மூன்றாம் தேவ இரகசியத்தின் நடுவில் பாதிப் பேர் இறங்கி ஓடினார்கள். இருபத்தைந்து நிமிடம் வந்தது. முப்பது வந்தது. சீறல் மெலிந்து, ஒரு விக்கலோடு நின்றது. என் காலடி மணல் காய்ந்தபடியே கிடந்தது. குந்தியிருந்து கையால் தொட்டுப் பார்த்தேன். சூடு. வேறு ஒன்றும் இல்லை. நான் கத்தினேன் என்று பிறகு சொன்னார்கள்.

மேட்டின் உச்சியில் யூட் எழும்பி நின்று கையைக் காட்டினான். சின்னவள் அவன் தோளில் இருந்து தானும் காட்டினாள்.

இன்றைக்கு இருநூற்றாறாவது நாள். வெடிப்புக் கொப்பியில் புது வரி இல்லை. மின்வெட்டுக் கொப்பியும் கோவில் கொப்பியும் அதுவும் இப்போது ஒரே நூலில் கட்டியிருக்கின்றன. கடவுச்சீட்டு யூட் வீட்டு அலுமாரிக்குள் போய்விட்டது.

கழுதைகள் மட்டும் முதல் ஒரு மாதம் காலையில் அந்த இடத்துக்கு வந்து காய்ந்த மணலை முகர்ந்துவிட்டு, நான்தான் ஏதோ பிழை விட்டவன் போல என்னைப் பார்த்துக்கொண்டு நின்றன. யூட்டிடம் சொன்னேன். அவன் அடிவாரத்தில் ஒரு சீமெந்துத் தொட்டி வைத்து, எங்கள் குழாயிலிருந்து ஒரு சின்னப் பைப் இழுத்துவிட்டான். பழைய நானூற்றுப் பன்னிரண்டாவது எட்டில்.

நேற்றுக் காலை எண்ணினேன். எட்டு நின்றன. எட்டாவது எந்த ஊர் என்று நான் எழுதவில்லை.